தரைக்குக் கீழே ஒரு ரெக்சஸ்

போன கிழமை எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பிளாசாவில் வாகனத் தரிப்பிடத்துக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். மீன் வைத்த மாலுபண் வாங்கிக்கொண்டு வெளியே வந்த எனக்கு அந்த வாசம் மூக்கில் ஏறியது. கொதிக்கிற தார், அதன் மேல் ஆடி மாத வெயில். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். தார் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வந்து, "சேர், சுகமில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஒருவர் கையில் மாலுபண் பையும் முகத்தில் பக்திப் பரவசமுமாகத் தார் மணந்துகொண்டு நின்றால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். சுகம்தான் என்றேன். அந்த நேரம் நான் ரெக்சஸில் நின்றேன் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த முடியாது. உங்களுக்குச் சொல்லலாம்.

எனக்கு அப்போது முப்பது வயது நிறையவில்லை. அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் வாங்கியிருந்த சின்ன வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் இருந்தேன். கணினி படித்துப் பட்டம் பெற்றவன். ஆனால் கம்பனியில் எனக்குத் தந்திருந்த வேலை, மற்றவர்களின் பிரின்ரருக்குள் சிக்கிய தாளைக் கிழியாமல் இழுத்தெடுப்பது. அதில் நான் நல்ல பெயர் வாங்கியிருந்தேன் என்பதுதான் பெரிய கவலை. இப்படி இருக்கும்போது ஒரு பங்குனி மாதம் அமெரிக்காவின் ரெக்சஸிலிருந்து கடிதம் வந்தது. டாலஸுக்கு வடக்கே, நேற்றுவரை மாடு மேய்ந்த இடத்தில் ஒரு புறநகர் முளைத்துக்கொண்டிருக்கிறது, அங்கே புதுக் கட்டடம், புதுக் கம்பனி, மென்பொருள் எழுதும் வேலை, சித்திரை நடுப்பகுதியில் வந்து சேர வேண்டும்.

கடிதத்தை முதலில் வாசித்தது நான். முதலில் துள்ளியது அத்தான். அவருக்கு மென்பொருளும் தெரியாது, ரெக்சஸும் தெரியாது. தெரிந்த ஒன்றே ஒன்று, அங்கே பனி அள்ளத் தேவையில்லை.

"டேய், யோசிச்சுப் பார். பனி அள்ளுற சவலே இல்லாத வாழ்க்கை!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, காலையில் வாசல் பனியை அள்ளிவிட்டுப் படுக்கிற மனிதர். அவருக்கு மோட்சம் என்றால் அது ஒரு ஈரமில்லாத வாசல்தான்.

எனக்கும் தலைகால் தெரியவில்லை. நூல்நிலையத்தில் ரெக்சஸ் பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துவந்து பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். சாமான்களை மூன்று தரம் அடுக்கிக் கலைத்தேன். குளிர் ஜாக்கெற்றை இனி என்றைக்குமே போட மாட்டேன் என்ற தோரணையில் சிநேகிதன் ஒருவனுக்குத் தானமாகக் கொடுத்தேன். அந்தத் தானம் எவ்வளவு பெரிய பிழை என்பது இரண்டு கிழமைக்குள் தெரியவந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எதையும் மண்டபம் எடுக்காமல் செய்ய மாட்டோம். பிள்ளை பிறந்தாலும் மண்டபம், பிள்ளை பெரியவளாகிச் சாமத்திய வீடு வந்தாலும் மண்டபம். பிள்ளை வேறு ஊருக்குப் போனால் மட்டும் சும்மா விடுவோமா? ஸ்காபரோவில் அத்தான் எனக்கொரு பிரியாவிடை வைத்தார். நூற்றைம்பது பேர், தங்கப்பூச்சுப் பூசிய தூண்கள், நடுவில் கடதாசியில் செய்த கள்ளிச்செடி இரண்டு, மாட்டிடையன் தொப்பி வடிவத்தில் கேக். எனக்கும் நிஜத் தொப்பி ஒன்று வாங்கித் தலையில் வைத்துவிட்டார். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்த பூமணி அன்ரி மேடையேறி இருபது நிமிடம் என்னைப் புகழ்ந்தார். அவர் சொன்னதில் பாதி வேறு யாரோ ஒருவரைப் பற்றியது. ஆனாலும் கண் கலங்கத்தான் செய்தது.

கேக் மேசையில் ஒரு ஆச்சரியமும் வைத்திருந்தார் அத்தான். இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே, தங்க நிறச் சட்டம் போட்டு, சின்ன மாலையும் சாத்தி, என் பட்டச் சான்றிதழ்.

"அசலை ஏன் அத்தான் எடுத்தனீங்கள்?"

"பயப்பிடாதை. உன்ர ஃபைலுக்குள்ள கலர் கொப்பி வைச்சிருக்கிறன். லமினேற் பண்ணினது. அசலைவிட வடிவு."

விருந்து முடிய எடுத்து ஃபைலுக்குள் மாற்றி வைப்பதாக அவர் சொன்னார். நான் எடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்தார். அவர் எடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மேசையை ஒதுக்கியது மண்டப அலங்காரம் செய்த றஞ்சன் அண்ணையின் ஆட்கள்.

மறுநாள் காலை விமான நிலையம். அமெரிக்காவுக்குப் போகிறவர்களை அமெரிக்க அதிகாரிகள் ரொறன்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே மேசை போட்டு விசாரிப்பார்கள். கனேடியக் குடியுரிமை, வேலைக் கடிதம், அசல் பட்டச் சான்றிதழ் மூன்றும் இருந்தால் அந்த இடத்திலேயே வேலை அனுமதி. அதிகாரி மிகவும் மரியாதையான மனிதர். கடிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சான்றிதழைக் கையில் எடுத்தார். நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பிளாஸ்ரிக் 'டொக்' என்றது. இது பிரதி, அசலோடு வாருங்கள் என்று சொல்லி, என் தலையிலிருந்த தொப்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு பெரிய சூட்கேசுகளோடும் ஒரு தொப்பியோடும் எதிர்த்திசையில் நடந்து வருவது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேளுங்கள். பொதுத் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"போய்ச் சேந்திட்டியோ? அதுக்குள்ளயோ?"

"இல்லை அக்கா, இஞ்சதான் நிக்கிறன்."

"இஞ்ச எண்டா?"

"ரொறன்ரோவில."

அக்கா மெதுவாகச் சொன்னா: "நான் ஏழு பேருக்குச் சொல்லிப்போட்டன், பிளேன் வெளிக்கிட்டுது எண்டு."

தன் வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது அத்தான் திட்டத்தைத் தெளிவாகச் சொன்னார். றஞ்சன் அண்ணையிடம் இரண்டு நாளில் சான்றிதழை வாங்கிவிடலாம். அதுவரை யாருக்கும் மூச்சு விடக் கூடாது. நூற்றைம்பது பேர் கோழிப் புரியாணி சாப்பிட்டுக் கைதட்டி அனுப்பிய ஆள், அடுத்த நாள் காலையில் வாசலில் நின்றால் பிறகு இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"நீ ரெக்சஸிலதான் இருக்கிறாய். விளங்குதோ? பேஸ்மென்றை விட்டு மேல வராதை."

இரண்டு நாள் பதினொரு நாளானது. றஞ்சன் அண்ணைக்குக் கலியாணக் காலம். "தம்பி, எல்லாம் பெட்டிக்குள்ள கிடக்கு, எடுத்துத் தாறன்" என்பார், பிறகு போனை எடுக்க மாட்டார். அவருடைய சாமான் அறைக்குள் போய் அத்தான் இரண்டு பின்னேரம் தூண்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் தங்கத் தூளோடு திரும்பி வந்தார். பல்கலைக்கழகத்தில் கேட்டால் புதுப் பிரதி எடுக்க ஆறு கிழமையாம். ரெக்சஸ் மனேஜரோ அடுத்த கிழமை முடிந்து வரும் திங்கள்தான் கடைசி நாள் என்றார், அதன் பின் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவாராம். எனக்கு அந்த 'அடுத்த ஆள்' கனவிலெல்லாம் வந்தான். நல்ல உயரமாக, அசல் சான்றிதழோடு.

இந்த அழகில், போய்ச் சேர்ந்த செய்தியை நானே ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. கடையில் வாங்கும் போன் காட் அட்டையால் பேசினால் அழைப்பவரின் இலக்கம் அந்தப் பக்கம் விழாது. அந்தக் காலத்தின் மகத்தான வசதி அது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, நூல்நிலையப் புத்தகங்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நான் ஸ்காபரோ முழுவதற்கும் ரெக்சஸை விபரித்தேன். வானம் எவ்வளவு அகலம், மண் என்ன நிறம், பெருந்தெருக்கரையில் என்ன பூ. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. பிறகு கண்ணால் கண்ட ரெக்சஸ் என் வர்ணனைக்குக் கொஞ்சம் குறைவு.

பூமணி அன்ரியோடு பேசும்போதுதான் சிக்கல் வந்தது. அந்த வருடம் சித்திரையிலும் பனி கொட்டியது. பனி வழிக்கும் லொறி எங்கள் தெருவால் தகரத்தை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனது.

"தம்பி, அதென்ன சத்தம்?"

"அது... ஏசி, அன்ரி. இஞ்ச பெரிய ஏசி."

"அப்பிடியே? இஞ்சையும் இப்ப ஒரு ஏசி போகுது."

எனக்கு வேர்த்துவிட்டது. அது ஒன்றுதான் அன்றைக்கு ரெக்சஸ் மாதிரி இருந்தது.

மேலே வந்துபோகிறவர்களுக்கும் குறைவில்லை. முதல் நாளிலிருந்தே யாராவது ஒருவர் வருவார், சொல்லாமல் கொள்ளாமல். சூடு வருவதற்குத் தரையில் ஒரு துவாரம் இருக்குமே, அதன் வழியாக மேல்மாடிப் பேச்செல்லாம் வானொலிபோலக் கீழே வரும். அக்காவின் தம்பி கெட்டிக்காரன், அவனைப்போல இந்தத் தெருவில் ஒருவன் இல்லை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். அண்ணாந்து படுத்துக்கொண்டு கேட்பேன். உயிரோடு இருக்கும்போதே தன் இரங்கலுரையைக் கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இன்னொன்றும் நடந்தது. வருகிற எல்லோரும் ஏதாவது சாப்பாடு கொண்டுவந்தார்கள். இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, ஒருநாள் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏன் ஒரு சட்டி கூழ் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. குடித்தேன்.

பதினோராம் நாள் சனிக்கிழமை, அந்தக் கடைசித் திங்களுக்கு இரண்டே நாள். மத்தியானம் பூமணி அன்ரி வந்தார். செருப்புச் சத்தம் நேரே வந்து துவாரத்துக்கு மேலே நின்றது.

"பிள்ளை, நேற்று ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனனான். கேக் மேசையில உன்ர தம்பியின்ர சேர்ட்டிபிக்கற் நிக்குது!"

"என்ன அன்ரி சொல்லுறியள்?" அக்காவின் குரல் உடைந்தது.

"ஓம். தங்கப் பிறேமில, மாலையும் போட்டு. பதின்மூண்டு வயசுப் பிள்ளை எப்ப யூனிவேர்சிற்றி முடிச்சவள் எண்டு யோசிச்சன். அந்த றஞ்சன் அதையும் சோடனைச் சாமான் எண்டு நினைச்சு இடமிடமாக் கொண்டு திரியிறான். இண்டைக்கு ஒஷாவாவில ஒரு அறுபதாம் பிறந்தநாள், அங்கையும் அவன்ர சோடனைதான். இண்டைக்கு விட்டா நாளைக்கு மொன்றியலுக்குக் கொண்டு போறானாம்." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் உரத்த குரலில், "ஒஷாவா! அஞ்சு மணிக்கு!" என்றார்.

எனக்கு முன்னால் பதின்மூன்று படிகள் இருந்தன. மேலே போனால் மானம் போகும். கீழே இருந்தால் சான்றிதழ் மொன்றியலுக்குப் போகும், ரெக்சஸ் அந்த உயரமான 'அடுத்த ஆளு'க்குப் போகும். இப்படிப் பெரிய தீர்மானங்களை நிதானமாக எடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

குசினிக் கதவில் என்னைக் கண்டதும் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா. பதினொரு நாள் சவரம் செய்யாத முகம். பூமணி அன்ரியின் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை.

"ஓ, தம்பியே! எப்ப வந்தனீர்?"

"இப்ப... இப்பதான் அன்ரி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவம், அந்த வெய்யிலில நல்லாக் கறுத்துப்போனீர்" என்றார். பதினொரு நாளாகச் சூரியனையே காணாமல் முளைவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்துப்போய் நின்ற எனக்கு!

"ஓம் அன்ரி. சரியான வெய்யில்."

"பேந்து கதைப்பம். இப்ப வெளிக்கிடும்."

ஒஷாவாவுக்கு அத்தான் ஓட்டிய ஓட்டத்தை நான் எழுத மாட்டேன், காப்புறுதிக்காரர்கள் வாசிக்கக் கூடும். என் உடுப்பெல்லாம் சூட்கேசுக்குள் கட்டிக் கிடந்ததால் பிரியாவிடை அன்று அணிந்து மேலே விட்டிருந்த கோட் ஒன்றையே போட்டிருந்தேன். குளிர் ஜாக்கெற்றைத்தான் தானம் கொடுத்தாயிற்றே. மண்டபத்துக்குள் நுழைந்தால், அங்கே இருக்கிறது! அதே குத்துவிளக்குகளுக்கு நடுவே, அதே மாலையோடு. பக்கத்தில் அறுபது வயது நாயகர் பட்டு வேட்டியோடு நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசிலையும் படிச்சு முடிச்சிருக்கிறியள் அண்ணை, நீங்கள்தான் மனிசன்" என்று ஒருவர் சொல்ல, நாயகர் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தார். சட்டத்துக்குள் இருக்கும் பெயரை ஒருவரும் வாசிக்கவில்லை. நாங்கள் தங்க எழுத்தைக் கண்டால் கும்பிடுவோம், வாசிக்க மாட்டோம்.

அத்தான் அவருடைய காதுக்குள் விஷயத்தைச் சொன்னார். அவர் முகம் வாடிவிட்டது. என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, குறை நினைக்காதையும். கேக் வெட்டும் மட்டும் நிக்கட்டே? எல்லாரும் பாத்திட்டினம்."

என்னால் மறுக்க முடியவில்லை. ஒன்றரை மணித்தியாலம் முன்வரிசையில் இருந்து, என் பட்டத்துக்காக இன்னொருவர் வாழ்த்துப் பெறுவதைப் பார்த்துக் கைதட்டினேன். ஒஷாவாவில் எங்கோ ஒரு வீட்டுப் புகைப்பட அல்பத்தில் அவருடைய கணினிப் பட்டம் இன்றைக்கும் இருக்கும். கேக் வெட்டியதும், ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி, சான்றிதழோடு சேர்த்து அவரே என் கையில் தந்தார். "நல்லா இரும்" என்றார். அந்த வேலையை எனக்கு உண்மையில் தந்தவர் அவர்தான் என்று தோன்றுவதுண்டு.

ஞாயிறு காலை அதே விமான நிலையம். வேறொரு அதிகாரி. சட்டத்தைக் கழற்றக்கூடப் பயந்து அப்படியே கொண்டுபோயிருந்தேன், மாலை உட்பட. அவர் மாலையை ஒரு பக்கம் ஒதுக்கி வாசித்துவிட்டு, முத்திரையைக் குத்தினார்.

டாலஸில் கதவு திறந்ததும் முகத்தில் அடித்ததே ஒரு வெக்கை, அப்பாடா! குளிர்தேசத்தில் பத்து வருடம் விறைத்துக் கிடந்த எலும்பெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒவ்வொன்றாக விழித்தன. அந்தப் புறநகரில் எல்லாமே நேற்றுத்தான் பிறந்தவை. வீதிகளுக்குப் பெயர்ப்பலகை இருந்தது, வீடுகள் இன்னும் வரவில்லை. புல்லைப் பாய்போலச் சுருட்டி லொறியில் கொண்டுவந்து விரித்தார்கள். காலையில் வேலைக்குப் போன வழி பின்னேரம் இன்னும் நீளமாக இருக்கும், நடுப்பகலில் தார் போட்டிருப்பார்கள். அந்த ஈரத் தாரின் வாசத்தில் நடந்து போகிற ஒரே ஆள் நான். கார்காரர்கள் நிறுத்தி, வண்டி பழுதா என்று கேட்பார்கள். இல்லை, சும்மா நடக்கிறேன் என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கோ பறப்பதுபோல இருந்தது. பிரின்ரர் பக்கமே போகவில்லை. நான் எழுதிய நிரலை நாலு பேர் பாவித்தார்கள். அங்கே நான் யாருடைய தம்பியும் இல்லை. அதைப்போல ஒரு சந்தோசம் கிடையாது, முதல் ஒரு மாதத்துக்கு.

போய் இறங்கிய அன்று பூமணி அன்ரியைக் கூப்பிட்டேன்.

"சத்தமில்லாமல் இருக்கு. ஏசியை நிப்பாட்டிப்போட்டியளோ?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி" என்றேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. படித்தவன் அல்லவா.

மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். ஒரு நாள் பேச்சுவாக்கில், அந்தப் பதினொரு நாளும் யாருக்கும் பிடிபடாமல் தப்பியதைப் பெருமையாகச் சொன்னேன். அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"டேய், அன்ரியின்ர மருமகன் எயார்போட்டில வீல்செயார் தள்ளுற வேலை. அசல் சேர்ட்டிபிக்கற் இல்லை எண்டு உன்னைத் திருப்பி விட்டதை அண்டைக்கே கண்டவர். எனக்கே நீ போனாப் பிறகு, ஆறாம் மாசம்தான் சொன்னவை. தெரு முழுக்கத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது, அவைக்குத் தெரியும் எண்டு."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே?"

"கேட்டா நீ பிறகு என்ன முகத்தோட ரெக்சஸுக்குப் போவாய்?"

அப்படியானால் அந்த இரங்கலுரைகள், இடியப்பங்கள், ஒரு சட்டி கூழ் எல்லாம் துவாரத்தின் கீழே கிடந்த ஆளுக்குத்தான். நான் ரெக்சஸை விபரிக்க, "அப்பிடியே?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்காபரோ முழுவதும் எனக்காகப் பொய்யை நம்பிக்கொண்டிருந்தது. இன்று அதே காரியத்தைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுமத்தில் போட்டால் அரைமணியில் விஷயம் முடிந்துவிடும்.

உண்மை தெரிந்த பிறகும் நான் அன்ரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படியாக, "தம்பி ரெக்சஸில இருந்தவர். முதல் பத்துப் பதினொரு நாள் சரியான வெய்யிலாம், என்ன தம்பி?" என்பார். "தாங்கேலாது அன்ரி, நாப்பதைத் தாண்டிப் போச்சு" என்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு பாகை கூட்டிச் சொல்வேன். கண் மட்டும் சிரிக்க, "பாவம்" என்பார்.

அன்ரி காலமாகி ஆறு வருடமாகிறது. மருமகன் பிள்ளைகளோடு எட்மன்ரனுக்குப் போய்விட்டார். வெக்ஸ்போர்ட் வீட்டை இடித்து, அந்தக் காணியில் இரண்டு உயரமான வீடு கட்டியிருக்கிறார்கள். அக்காவும் அத்தானும் இருக்கும் தொடர்மாடியில் சூடு சுவரிலிருந்து வருகிறது, தரையில் துவாரம் கிடையாது. ரெக்சஸ் எப்படி என்று கேட்கிறவர்கள் இப்போதும் உண்டு. வேலை எப்படி, வீட்டு விலை எப்படி என்பார்கள். முதல் பதினொரு நாள் வெய்யிலைப் பற்றித்தான் ஒருவரும் கேட்பதில்லை.